எல்பர்டன் சிப்பாயும் நம் ஏரிக்கரைக் கல்லும்

எல்பர்டன், ஜார்ஜியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போன வாரம் எங்கள் பட்டறையில் ஒரு கன்டெய்னர் வந்து இறங்கியது. உள்ளே நம் பக்கத்துக் கறுப்புக் கல். கை வைத்ததும் எனக்கு உங்கள் குவாரி ஞாபகம் வந்துவிட்டது. இந்த ஊர்க் கல் சாம்பல் நிறம். கல்லறைக் கல் வேலைதான் ஊருக்கே சோறு போடுகிறது.

இங்கே பழைய போர்ச் சிப்பாய் சிலைகளை ஏன் இறக்குகிறார்கள் என்று போனில் கேட்டீர்களே, அதை விரிவாக எழுதுகிறேன். இந்தத் தென் மாநிலங்களில் சின்ன ஊர் எதற்குப் போனாலும் பெரும்பாலும் நடுவில் ஒரு கோர்ட் கட்டடம், அதன் முன்னால் ஒரு தூண், மேலே துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு ஒரு சிப்பாய் இருப்பார். அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோய், 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களின், அதாவது 'கான்ஃபெடரசி'யின் சிப்பாய்.

எல்பர்டனின் முதல் சிப்பாய் கதை கல் வேலைக்காரரான உங்களுக்குப் பிடிக்கும். 1898இல் இந்த ஊர்க் கல்லிலேயே செய்து நிறுத்தினார்கள். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆள் குட்டையாக, மீசையும் தொப்பியுமாக, எதிரிப் படையாள் மாதிரி இருக்கிறார் என்று முகம் சுளித்தார்கள். 'டச்சி' என்று பட்டப்பெயர் வேறு. 1900 ஆகஸ்டில் ஓர் இரவு கயிறு கட்டி இழுத்துத் தள்ளிவிட்டார்கள். கால் உடைந்தது. சதுக்கத்திலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். 1982இல் தோண்டி எடுத்து, கார் கழுவும் இடத்தில் விட்டு மண்ணைக் கழுவி, இங்குள்ள கிரானைட் அருங்காட்சியகத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். உளி வேலை ஒன்றும் மோசமில்லை, அப்பா. அந்த மனிதர் உழைத்திருக்கிறார். ஊர் எதிர்பார்த்த முகம் அதில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த முகத்தை எதிர்பார்த்தவர்கள் யார் என்றுதான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இந்தச் சிலைகளில் பெரும்பகுதி போர் முடிந்து முப்பது, ஐம்பது வருஷம் கழித்து வந்தவை. 1894இல் தொடங்கிய 'கான்ஃபெடரசியின் மகள்கள் ஐக்கியம்' என்ற பெண்கள் சங்கம் ஊர் ஊராகப் பணம் திரட்டி நிறுத்தியவை நிறைய. அட்லாண்டா பக்கத்தில் டிகேட்டர் என்ற ஊரின் கோர்ட் வாசலில் 1908இல் ஒரு தூண் எழுப்பினார்கள். அதே 1908இல்தான் ஜார்ஜியா தன் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கறுப்பின மக்களில் பெரும்பாலோரின் ஓட்டைப் பறித்தது. 1860 கணக்குப்படி இந்த மாநிலத்தில் பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல் அடிமைகள். பிரிந்துபோனதற்கு ஜார்ஜியா வெளியிட்ட காரண அறிக்கையே அடிமை முறையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. நான் நின்று வாசித்த சிலைகளில் வீரம், கடமை என்றெல்லாம் இருக்கிறது. அடிமை என்ற சொல் ஒன்றில்கூட இல்லை.

என்னோடு பாலிஷ் மெஷினில் நிற்கிற பெரியவர் கறுப்பினத்தவர். சின்ன வயதில் கோர்ட்டுக்குப் போகும்போது அவர் அம்மா அந்தத் தூண் இருக்கும் பக்கம் விடாமல் கையைப் பிடித்துச் சுற்றி அழைத்துப் போவாராம். "நியாயம் கேட்கப் போகிற வாசலில் யாரை நிறுத்தியிருக்கிறார்கள் பார்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

வீட்டுக்கார அம்மா வெள்ளைக்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் பதினேழு வயதில் போருக்குப் போய் உடல்கூடத் திரும்பவில்லை. கல்லறை இல்லாததால் அந்தக் குடும்பம் சிலைக்குத்தான் பூ வைத்து வந்தது. அந்தத் துக்கத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூ வைக்கக் கல்லறைத் தோட்டம் போதும். கோர்ட் வாசல் எல்லாருக்கும் பொது. இதில் நான் பெரியவர் பக்கம்தான்.

டிகேட்டர் தூணை 2020 ஜூனில் ஓர் இரவில் இறக்கிவிட்டார்கள். 2024இல் அதே இடத்தில் கறுப்பினத் தலைவர் ஜான் லூயிஸின் சிலை வந்தது. ஓட்டுரிமைக்காக 1965இல் அலபாமா மாநிலத்தின் செல்மா ஊர்ப் பாலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தவர், பின்னால் நாடாளுமன்ற உறுப்பினரானவர். பெரியவரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்தோம். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

திரும்பி வரும்போது, உங்கள் ஊரில் போரில் செத்தவனுக்குக் கல் வைப்பார்களா என்று கேட்டார். நம் ஏரிக்கரை நடுகல்லைச் சொன்னேன். 'தொறு மீட்டுப் பட்டான்' என்று பழைய நடுகற்களில் வெட்டியிருப்பதைச் சொல்லி, மாடுகளை மீட்கப் போய்ச் செத்தான் என்று அர்த்தம் சொன்னேன். "எதற்காகச் செத்தான் என்று கல்லிலேயே எழுதுவீர்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நம் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியாதது அப்போதுதான் உறைத்தது. தம்பியை விட்டு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாயங்காலம் வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் எழுத்து தெரியும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் மட்டும் துடைக்கட்டும், தேய்க்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகன்