‘போதும்’ என்று சொல்லப் பழக்குங்கள்

மதுரை மகளிர் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

என் தங்கை உங்கள் விடுதிகளில் ஒன்றில் தங்கிப் படித்தவள். முதல் ஆண்டு விடுமுறையில் ஒரு காதுகுத்து விருந்து. “என்னடி, பூசினாப்புல ஆயிட்ட?” என்று பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டார் அத்தை. அவள் சிரித்தாள். அத்தை வைத்த இன்னொரு கரண்டிக் கறியையும் மறுக்காமல் சாப்பிட்டாள். அன்று ராத்திரி வாந்தி எடுத்தாள். தானாக வந்த வாந்தி இல்லை.

அந்த ஒரு பேச்சால்தான் நோய் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றரை வருஷம் எங்களுக்குத் தெரியாமலே போனது. அவளுக்கு வந்தது புலிமியா. அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் வாந்தி எடுத்தோ வேறு வழியிலோ அதை ஈடுகட்டப் பார்க்கும் நோய். அது உள்ளவர்கள் பலர் பார்க்கச் சாதாரண எடையில்தான் இருப்பார்கள். வாந்தியால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து அவள் மயங்கி விழுந்த பிறகுதான் விழித்தோம். அது குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறுமாம்.

மருந்து, உணவு அட்டவணை, ஆலோசனை எல்லாம் நடந்தன. அவற்றோடு ஆலோசகர் ஒரு பேச்சுப் பயிற்சியும் தந்தார். நான் அத்தையாக நடிக்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். “என் உடம்பைப் பத்திப் பேசாதீங்க அத்தை, எனக்குச் சங்கடமா இருக்கு.” முதல் நாள் குரலே வரவில்லை. நாலாவது வாரம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் விடாமல் சீண்டினேன். குரலை உயர்த்தாமல் அதே வாக்கியத்தைத் திரும்பவும் சொன்னாள். மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லப் பழகப் பழக, சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடுவது குறைந்தது.

ஆனால் இது சாப்பாட்டைத் தட்டிக்கழிக்கச் சொல்லித்தரும் பயிற்சி அல்ல. கவனிக்காவிட்டால் நோயே ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளும். அட்டவணையில் உள்ள இட்லியைச் சாப்பிட்டே ஆக வேண்டும். பசித்தால் மெஸ்ஸில் “இன்னொன்னு வைங்க” என்று கேட்கவும் வேண்டும். அவளுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பட்டினியில் உடம்பு மிகவும் மெலிந்துபோனவர்களுக்கு முதலில் மருத்துவமும் சாப்பாடும்தான். பேச்சுப் பயிற்சி அப்புறம்.

விடுதியில் வாரம் ஒரு மாலை, பயிற்சி பெற்ற உளவியலாளரை வைத்து இதை எல்லா மாணவிகளுக்கும் நடத்துங்கள். எல்லாருக்கும் என்றால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். சாப்பிடாத பெண்ணிடம் “பிடிக்கலைன்னா வீட்டுக்குப் போ” என்று சொல்லாதீர்கள். என் தங்கை அதைக் கேட்டிருக்கிறாள். மெஸ் பலகையில் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416-ஐ எழுதி வையுங்கள்.

யார் முதலில் ஆரம்பித்தாலும் அவள் வந்து பேசுவாள். அவளிடமே கேட்டுவிட்டேன். மெஸ்ஸிலேயே உட்கார்ந்து பேசுகிறேன் என்றாள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா, மேலூர்