அப்பாவின் விரல்களுக்குக் கடலைக் காட்டியவர்களுக்கு

எங்களோடு கப்பலேறிய 21 பேருக்கும், அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கும், துறைமுகத்துக்குத் துறைமுகம் எங்களுக்காகக் காத்து நின்றவர்களுக்கும் வணக்கம்.

மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்திலிருந்து நாங்கள் திரும்பி இரண்டு மாதங்கள் ஆகின்றன. இந்த மடலை எழுதுவது நான். சொல்லச் சொல்ல எழுத வைத்தவர் அப்பா. அவருக்கு வயது 74. கண் நீர் அழுத்த நோய் அவருடைய பார்வையை ஓரங்களிலிருந்து மெல்லத் தின்றுகொண்டே வந்தது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். கண் நன்றாக இருந்த காலத்தில் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தார். ஈய எழுத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அது ‘ன’வா ‘ண’வா என்று விரல் நுனியால் சொல்லிவிடுவார். பள்ளிப் புவியியல் புத்தகங்களுக்காக ஏதென்ஸ், இஸ்தான்புல், நேப்பிள்ஸ் என்று எழுத்தெழுத்தாகக் கோத்த கை அது. கோத்த ஊர்களில் ஒருமுறை கால் வைக்க வேண்டும் என்ற ஆசை நிறைவேறும் வசதி வந்தபோது கண் போய்விட்டிருந்தது. “பார்வை இல்லாதவரைக் கூட்டிப் போய் என்ன பயன்?” என்று ஒரு பயண நிறுவனத்தில் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் குழுவைக் கண்டோம்.

முதல் நன்றி, எங்கள் அறையைக் கவனித்துக்கொண்ட தம்பிக்கு. கப்பலின் நடைவழியில் எல்லாக் கதவுகளும் ஒன்றுபோலவே இருக்கும். எண் பலகையில் பிரெய்ல் புள்ளிகள் இருந்தன. ஆனால் வயதான பிறகு பார்வையை இழந்த அப்பாவுக்கு பிரெய்ல் தெரியாது. முதல் நாளே அதைக் கவனித்து, எங்கள் கதவின் கைப்பிடியில் ஒரு துணிக் கயிற்றை முடிச்சிட்டுக் கட்டினீர்கள். லிஃப்டிலிருந்து கதவு வரை அப்பாவோடு நடந்து, 41 அடிகள் என்று இருவருமாக எண்ணி முடிவு செய்தீர்கள். தண்ணீர்க் குவளை, செருப்பு, துவாலை, நாற்காலி எதுவும் பன்னிரண்டு நாட்களும் ஒரு விரற்கடை இடம் மாறவில்லை. நீங்கள் ஓய்வெடுத்த பொழுதில் வந்த மாற்றாளிடமும் சொல்லி வைத்திருந்தீர்கள். மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து, நாளுக்கு இருமுறை அத்தனை அறைகளைத் துப்புரவு செய்யும் வேலை உங்களுடையது. அதற்கு நடுவில் இதையெல்லாம் யாரும் உங்களிடம் கேட்கவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் இந்தப் பத்தியை மொழிபெயர்த்து உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாளிலிருந்து அப்பா கையைப் பிடிக்க ஆளில்லாமல் தானாகவே அறைக்கு வந்தார். வீட்டுக்கு வெளியே அவர் தனியாக நடந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

குழுவை ஒருங்கிணைத்த அக்காவுக்கு என்ன சொல்வது? லிஃப்டுக்கு அருகில் அறை வேண்டும் என்று கப்பல் நிறுவனத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதிப் பெற்றுத் தந்தீர்கள். ஆபத்துக் காலத்தில் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சியை, மற்றவர்களுக்கு முடிந்த பிறகு அப்பாவுக்கு மட்டும் தனியாக இன்னொரு முறை நடத்திக் காட்டும்படி ஊழியர்களிடம் கேட்டீர்கள். ஆனால் நான் மறக்க முடியாதது அந்தக் காகிதம். ஆறு துறைமுகங்கள், ஒவ்வொன்றுக்கும் அப்பாவோடு நடக்கும் இருவர் என்று கட்டம் போட்டு, எல்லோர் கையிலும் கொடுத்தீர்கள். ஒரு கட்டத்திலும் என் பெயர் இல்லை. “நீயும் பயணம் வந்தவள்தானே” என்றீர்கள். கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பது எட்டு, ஒன்பது மணி நேரம். மாலையில் குறித்த நேரத்துக்குக் கப்பலில் ஏறும் பாலத்தை எடுத்துவிடுவார்கள். வாழ்க்கையில் ஒருமுறை பார்க்கும் ஊரில் கிடைக்கும் அந்தச் சில மணி நேரத்தை இன்னொருவருக்காகத் தந்தவர்கள் நீங்கள். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

ஏதென்ஸைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறுவதற்கு முந்தைய நாள், பார்வையற்றோருக்கென அங்கே நடக்கும் தொட்டுணரும் அருங்காட்சியகத்துக்கு அப்பாவை அழைத்துப் போன அண்ணனுக்கும் அண்ணிக்கும் நன்றி. மற்ற அருங்காட்சியகங்களில் தொடாதே என்று எழுதியிருக்கும். அங்கே தொடுவதற்கென்றே பழைய கிரேக்கச் சிலைகளின் பிரதிகளை வைத்திருக்கிறார்கள். மறுநாள் அக்ரோபோலிஸின் அடியில் நின்றபோது, மேலே இருப்பது எப்படிப்பட்ட கல் வேலை என்று அப்பா எங்களுக்குச் சொன்னார்.

துருக்கியிலுள்ள பழைய நகரமான எபேசஸ்தான் அவர் தினமும் பேசும் ஊர். குசாதாசி துறைமுகத்தில் இறங்கிப் பேருந்தில் போனோம். ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி நீங்கள் இருவரும் அவருக்கு இரு பக்கமும் நடந்தீர்கள். “அழகாக இருக்கிறது ஐயா” என்று ஆசிரியர் தொடங்கினார். “எப்படி அழகு? எத்தனை ஆள் உயரம்? கல் வழவழப்பா, சொரசொரப்பா?” என்று அப்பா கேட்டார். ஆசிரியர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு அவர் சொன்ன விதமே மாறிவிட்டது. ரோமானியர் காலத்துச் செல்சஸ் நூலகத்தின் முகப்பை, கீழே எத்தனை தூண், மேலே எத்தனை, எந்தத் தூணுக்கு நடுவே சிலை, எங்கே வெயில் படுகிறது, எங்கே நிழல் என்று அடுக்கடுக்காகச் சொன்னார். இடிந்து சிதறிக் கிடந்த அந்த முகப்பை 1970-களில் மீண்டும் எடுத்து நிறுத்தினார்கள் என்று வழிகாட்டிப் பெண் சொன்னபோது, “சிதறிப்போன பக்கத்தைத் திரும்பக் கோத்திருக்கிறார்கள்” என்றார் அப்பா.

அந்த வழிகாட்டிப் பெண்ணுக்கும் இந்த மடல். வழியில் விழுந்து கிடந்த கல் ஒன்றைத் தொடலாமா என்று காவலரிடம் நீங்கள்தான் கேட்டு அனுமதி வாங்கினீர்கள். கிரேக்க எழுத்து வெட்டிய கல். அப்பா உட்கார்ந்து இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியையும் விரலால் தடவினார். அவருக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால், “இந்த வரியின் கடைசியில் இடம் போதவில்லை, எழுத்தை நெருக்கியிருக்கிறான்” என்றார். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். கடைசி நான்கு எழுத்துகள் உண்மையிலேயே நெருங்கியிருந்தன. எத்தனையோ ஆண்டுகளாக இந்தக் கல்லைக் கடந்து போகிறேன், இதைக் கவனித்ததில்லை என்றீர்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏன் இடைவெளி இல்லை என்று அவர் கேட்டதற்கு, அக்காலத்தில் இடைவெளி விடாமல்தான் வெட்டினார்கள் என்று விளக்கினீர்கள். நம் பழைய கல்வெட்டுகளும் அப்படித்தான் என்று அவர் மகிழ்ந்துபோனார்.

பிறகு 25,000 பேர் அமரக்கூடியதாகக் கணக்கிடப்படும் அந்த அரங்கில், கீழே நின்று நீங்கள் கைதட்டினீர்கள். ஒலி படிகளில் ஏறி வந்து அவரைத் தொட்டது. அங்கிருந்து நேராகப் போகும் பளிங்குத் தெருவின் முடிவில் முன்பு துறைமுகம் இருந்தது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் துறைமுகம் தூர்ந்து, இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. “கடல் வாடையே இல்லையே என்று நினைத்தேன்” என்றார் அப்பா. அவருடைய தோளைப் பிடித்து மெல்ல மேற்கே திருப்பி, “அது அங்கே இருந்தது” என்றீர்கள். அந்தக் கைக்கு நன்றி.

இஸ்தான்புல்லில் ஹாகியா சோபியாவுக்கும் சுல்தான் அகமது மசூதிக்கும் நடுவிலுள்ள திடலில், உள்ளே போகும் வரிசையை விட்டுவிட்டு அப்பாவோடு உட்கார்ந்திருந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்கு நன்றி. இரு பக்கமிருந்தும் பாங்கு எழுந்தபோது எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு சுட்டிக்காட்டிய படம் என்னிடம் இருக்கிறது.

அதன் பின் கடலிலேயே கழிந்த நாட்கள். கேப்டனின் நண்பகல் அறிவிப்பை அப்பா ஒருநாளும் தவறவிடவில்லை. காற்றின் வேகம், அலையின் உயரம், கப்பலுக்குக் கீழே எத்தனை ஆழம் என்று அவர் சொல்வது, பார்வை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே அளவில் கேட்டது. அயோனியன் கடலைக் கடந்தபோது, மத்தியதரைக் கடலின் மிக ஆழமான பகுதி இங்கேதான், 5,000 மீட்டருக்கும் மேல் என்றார் கேப்டன். அன்றிரவு கப்பல் ஆடியது. அப்பாவுக்குத் தலைசுற்றலும் வாந்தியும். விடியும் வரை மூன்று முறை வந்து பார்த்த செவிலியருக்கு நன்றி. படுக்கையில் கிடந்தவருக்கு அடுத்த நாள் துணையாக இருந்தது, எங்கள் குழுவின் தையல்கார அக்கா கொடுத்த கைக்குட்டை. அதில் தடித்த நூலால் கரையோரங்களைத் தைத்து, துறைமுகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். கிரேக்கத்தின் தெற்கே கடலுக்குள் நீளும் பெலொப்பனீசின் மூன்று விரல்கள்கூட அதில் இருந்தன. அக்கா, மற்றவர்கள் மேல்தளத்தில் வெயில் காய்ந்தபோது நீங்கள் ஊசியும் நூலுமாக இருந்தது இதற்காகத்தான் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் மழை. ஸ்ட்ராடுன் தெருவின் சுண்ணாம்புக்கல் நூற்றாண்டுகளாகக் கால் பட்டுக் கண்ணாடிபோல் வழுக்கும். 1,940 மீட்டர் நீளமுள்ள கோட்டை மதிலில் நடக்க வாங்கிய டிக்கெட்டுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் இரு கைகளையும் பிடித்து நடந்த சகோதரர்களே, அந்த இழப்பு உங்களுக்குச் சிறிதல்ல. ஒனோஃப்ரியோ நீரூற்றின் 16 கல்முகங்களையும் அவர் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டு முடிக்கும் வரை நனைந்தபடி நின்றீர்கள். மதில்மேல் நடந்த ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எந்தக் கூரை ஓடு பழையது, எது யூகோஸ்லாவியப் போரில் 1991-இல் தொடங்கிய முற்றுகைக்குப் பின் வேய்ந்த புது ஓடு என்று நிறம் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். மேலிருந்து ஒரு குரல், கீழே அப்பாவின் விரல்கள். அன்று அவர் மதிலிலும் நடந்தார் என்றே நான் நினைக்கிறேன்.

மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவில் அவருடைய துணை, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா. ஓவியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். தூய யோவான் இணைப்பேராலயத்தில், திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் காட்சியை இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1608-இல் தீட்டிய பெரிய ஓவியத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றீர்கள். முதல் ஐந்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு மெல்லிய குரலில் தொடங்கினீர்கள். ஆட்கள் எல்லோரும் இடப்பக்கம் நெருங்கி நிற்கிறார்கள். ஒருவர் தரையில் கிடக்கிறார். மேலே குனிந்தவனின் கை முதுகுக்குப் பின்னால் கத்தியைத் தேடுகிறது. ஒரு மூதாட்டி தலையில் கை வைத்திருக்கிறாள். ஓர் இளம்பெண் தட்டை நீட்டுகிறாள். வலப்பக்கம் கம்பிச் சன்னலில் எட்டிப் பார்க்கும் இரண்டு கைதிகளைத் தவிர வெறும் சுவர். படத்தின் பெரும்பகுதி இருட்டும் சுவரும்தான். தரையில் வழியும் இரத்தத்தில் ஓவியன் தன் பெயரை எழுதியிருக்கிறான். அப்பா வெகுநேரம் கழித்து, “இடத்தைக் காலியாக விடுவதுதான் கடினம், பக்கம் கோத்தவனுக்குத் தெரியும்” என்றார். சுற்றி நின்ற நம்மவர்கள் மறுபடியும் அந்தச் சுவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதற்கு முன் அந்தச் சுவர் என் கண்ணில் படவே இல்லை. மாலை 4 மணிக்கு, அப்பர் பராக்கா தோட்டத்தின் பீரங்கி வெடித்தபோது, அப்பாவின் உள்ளங்கையை இரும்புக் கைப்பிடியில் வைத்து, அதிர்வு வருவதற்குள் எண்ணச் சொன்னதும் அதே வங்கி ஐயாதான்.

நேப்பிள்ஸில் கடைசி நாள். பழைய ரோமானிய நகரமான பொம்பேயின் தெருக்கல்லில் வண்டிச் சக்கரங்கள் உழுத பள்ளத்துக்குள் அப்பா தம் கோலை விட்டு, அதன் போக்கிலேயே நடந்தார். அங்கிருந்து முன்னதாகவே கிளம்பித் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அவரை அழைத்துப் போன தோழியருக்கு நன்றி. 1938-இல் பொம்பேயின் வீடொன்றில் கண்டெடுத்த இந்தியத் தந்தச் சிற்பம் அங்கே இருக்கிறது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பல் மூடுவதற்கு முன்பே கடல் கடந்து அங்கே போய்ச் சேர்ந்த பெண் உருவம். கண்ணாடிக்குள் இருப்பதால் தொட முடியாது. உயரம் எவ்வளவு என்று கேட்டார். “ஏறக்குறைய ஒரு சாண் ஐயா” என்றீர்கள். அவர் கண்ணாடியின் முன்னால் கையை விரித்து ஒரு சாண் அளந்து, அப்படியே வைத்திருந்தார்.

நேற்று இந்த மடலை அவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். கைக்குட்டை மடியில் இருந்தது. ஊர்ப் பெயர் வரும்போதெல்லாம் விரல் அந்த முடிச்சுக்குப் போயிற்று. கடைசியாக எழுதியிருந்த அறை உதவியாளரின் பத்தியை எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்துவிட்டேன்.

நன்றியுடன்,
அப்பாவும் மகளும்