தலைநகரத்தைக் கோயிலோடு முடித்துவிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து சோழநாட்டுக் கோயில்களுக்குச் சுற்றுலா வேன் ஏற்பாடு செய்யும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் பயணத் திட்டங்களில் கங்கைகொண்ட சோழபுரம், நவக்கிரகத் தலங்களுக்கு இடையே வண்டி சற்று நின்று புறப்படும் இடமாகவே வருகிறது. பெரிய நந்தியின் முன் படம் எடுத்துக்கொண்டு, ஒரே கல்லில் தாமரை வடிவில் அமைந்த நவக்கிரகத்தை வணங்கி, சண்டேசரின் தலையில் இறைவன் மாலை சூட்டும் சிற்பத்தைப் பார்த்தும் பாராமலும் வண்டி ஏறிவிடுகிறோம். 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயிலைப் பார்த்தாயிற்று. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக இருந்த ஊரைப் பார்க்கவில்லை.

வளவை, அதாவது நம் பெரிய வீட்டை, இடித்து, பர்மாத் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் விற்றபின் சாமி அறை மட்டும் எஞ்சி நின்றால், அதையே வீடென்று நம்மில் எவரும் ஒப்பமாட்டோம். அந்த நகரத்தின் நிலையும் அதுதான். கோயில் மதிலின் கருங்கற்களில் பெரும்பகுதி, 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தபோது அந்த வேலைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. கும்பகோணத்திலிருந்து போகும் நம் வண்டிகள் அணைக்கரையில் அந்தக் கீழணையைத்தான் கடக்கின்றன. அங்கே தேநீருக்கு நிறுத்தும்போது இச்செய்தியைச் சொன்னால், வந்தவர்கள் மொட்டையாய் நிற்கும் மதிலை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

கோயிலுக்குத் தென்மேற்கே சிறிது தொலைவில், உட்கோட்டை என்னும் ஊரை ஒட்டி மாளிகைமேடு இருக்கிறது. 1980 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் அரண்மனையின் செங்கல் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் அங்கே வெளிப்பட்டன. பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று சிலர் முகம் சுளிக்கலாம். உண்மைதான், செங்கல் வரிசைகளே மிச்சம். ஆனால், சுற்றியுள்ள ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் ஆகிய ஊர்ப்பெயர்களோடு சேர்த்துக் காட்டினால் படையும் காவலும் சூழ்ந்த நகரம் மெல்ல உருப்பெறும். கங்கை வரை சென்ற படையெடுப்பின் நினைவாக இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் ஏரி, இன்று பொன்னேரி என்ற பெயரில் அருகிலேயே கிடக்கிறது. அதனை நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது.

நம்மவர்களுக்கு இவ்வூரில் தனி ஈடுபாடு பிறக்க இன்னொரு காரணமும் உண்டு. 1025இல் இராசேந்திரனின் கப்பற்படை சென்று வென்ற கடாரம், பின்னாளில் நம் பாட்டன்மார் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன மலாயாவின் கெடாப் பகுதியே என்று வரலாற்றறிஞர்கள் கொள்கின்றனர். இதை வண்டியில் ஒருவர் எடுத்துச் சொன்னால் ஆச்சிமார்கூட அடுத்த கோயிலுக்கு அவசரப்படமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆகவே, அடுத்த பயண அறிவிப்பில் ஒரு நவக்கிரகத் தலத்தை மறுநாளுக்குத் தள்ளியேனும், இவ்வூருக்கு அரை நாள் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். வெயில் ஏறுமுன் மாளிகைமேடு, அதன்பின் ஏரிக்கரை, நடை சாத்துவதற்குள் கோயில் என்று வைத்துக்கொண்டால் முதியவர்களுக்கும் சிரமம் இராது. கூடுதல் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்; வர விரும்புவோர் பணத்தோடு பெயர் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து தங்கள் வண்டியில் வரும் பயணி ஒருவர்