சம்மாங்கோட்டுப் பள்ளியில் தொழும் மகனுக்கு

திருகோணமலை

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன கிழமை கதைத்தபோது, ஜும்ஆவுக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் இருக்கிற சம்மாங்கோட்டுப் பள்ளிக்குத்தான், அந்தச் சிவப்புப் பள்ளிக்குத்தான் போகிறாய் என்றாய். தொழுகிறவர்களைவிடப் படம் எடுக்கிறவர்கள்தான் அங்கே அதிகம், யாருக்கும் யாரையும் தெரியாது என்று அலுத்தும்கொண்டாய். போனில் பதில் சொல்லியிருந்தால் ‘சரி வாப்பா’ என்று வைத்துவிட்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

யாரையும் தெரியாத ஊரில் பிழைக்க வந்தவர்கள் கட்டிய பள்ளி அது. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து புறக்கோட்டையில் வியாபாரம் செய்தவர்கள், ஐவேளைத் தொழுகைக்கும் ஜும்ஆவுக்கும் கடைத்தெருவுக்குள்ளேயே இடம் வேண்டும் என்று 1908இல் வேலையைத் தொடங்கினார்கள். 1909இல் முடித்தும்விட்டார்கள். நம் ஊரில் ஒரு மினாரா எழும்புவதற்குள் நிர்வாக சபை இரண்டு தடவை மாறிவிடும்!

கட்டியவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. கட்டடக் கலை படித்துத் தேறியவர் அல்லர். வியாபாரிகள் காட்டிய இந்தியக் கட்டடங்களின் படங்களையும் அவர்கள் சொன்ன விவரங்களையும் வைத்துக்கொண்டே, சிவப்பும் வெள்ளையுமாய் வரிவரியான சுவர்களையும் மாதுளம்பழம் போன்ற குவிமாடங்களையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் எழுப்பினார். துறைமுகத்தை நெருங்கும் கப்பல்காரர்களுக்கு அதுதான் கொழும்பின் அடையாளமாக இருந்தது என்று பழையவர்கள் சொல்வார்கள்.

அழகைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் போட்ட கணக்கு. அன்று ஜும்ஆவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 500 பேர். கட்டியதோ 1,500 பேருக்கு. இனி வரப்போகிறவனுக்கும் சேர்த்து இடம் விட்டார்கள். நீ நிற்கிற தொழுகை வரிசை அப்படி விட்ட இடம்தான். அதுவும் போதாமல்போய், 1975 முதல் ஹாஜி உமர் நம்பிக்கை நிதியத்தின் உதவியோடு பக்கத்துக் கட்டடங்களை வாங்கிப் பள்ளியைப் பெருப்பித்தார்கள். இப்போது 10,000 பேர் தொழலாம்.

இடையில் அவர்கள் பட்டதும் கொஞ்சமல்ல. 1915இல் கண்டியில், பள்ளிவாசல் முன்னால் போன ஊர்வலத்தில் தொடங்கிய கலவரம் கொழும்புக்கும் பரவியபோது, அடி விழுந்தது பெரும்பாலும் கரையோரச் சோனகர் என்று சொல்லப்பட்ட இந்தத் தென்னிந்திய முஸ்லிம் கடைக்காரர்களுக்குத்தான். பள்ளி எழும்பி அப்போது ஆறு வருடம்தான்.

எனக்கு அந்தப் பள்ளி வேறுவிதமாகப் பழக்கம். கடைக்குத் துணி எடுக்க இரவு ரயிலில் வந்து கோட்டையில் இறங்கினால் இருட்டுக் கலைந்திருக்காது. மொத்தக் கடைகள் திறக்க வெகுநேரம் இருக்கும். சுபஹு தொழுதுவிட்டுப் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர் என்பார். திருகோணமலை என்றதும், யாரிடம் எடுக்கிறீர்கள், கெஜம் என்ன விலைக்குத் தருகிறார்கள் என்று பேச்சு நீளும். எனக்கு முதன்முதலாகக் கடனுக்குச் சரக்குத் தந்த முதலாளியிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அப்படிப் பக்கத்தில் இருந்த ஒரு கிழவர்தான். என் ஸலாத்தைத் தவிர அவருக்கு என்னைப்பற்றி என்ன தெரியும்? நீயோ தொழுது முடித்து ஸலாம் கொடுத்த கையோடு செருப்பைத் தேடி ஓடுகிறாய். பிறகு யாரையும் தெரியாது என்கிறாய்.

படம் எடுக்கிறவர்கள் எடுத்துவிட்டுப் போகட்டும். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, வீட்டிலேயே தொழுங்கள் என்று சொன்னார்கள், நினைவிருக்கிறதா? நம் தொப்பியைக் கண்டே ஆட்கள் விலகிய நாட்கள் அவை. இன்று முன்பின் தெரியாதவர்கள் உள்ளே வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள் என்றால் அது நல்லதுக்குத்தான். யாராவது கேட்டால், சாய்பு லெப்பையைப்பற்றிச் சொல்.

இன்னொன்று. 2004 சுனாமி அன்று நம் மஹல்லாப் பள்ளியில் சோறு ஆக்கியது நோன்புக் கஞ்சி காய்ச்சும் கிடாரங்களில்தான். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. அரிசி யார் வீட்டில் இருக்கும், விறகு எங்கே கிடக்கும், எந்தக் கிடாரத்துக்கு எத்தனை படி கொள்ளும் என்பதெல்லாம் வருடாவருடம் சேர்ந்து கஞ்சி காய்ச்சியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தேங்காய்ப் பால் விட்டு, ரம்பை போட்டு, அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே ஊர்ச் சண்டை முழுவதையும் பேசித் தீர்க்கிற இடம் அந்தக் கஞ்சி அடுப்படி. சுனாமி அன்று சாப்பிட வந்தவர்களில் சைவரும் இருந்தார்கள், வேதக்காரரும் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே சோறு.

வரும் நோன்பில் அங்கே இஃப்தார் வேலை பார்ப்பவர்களிடம் போய், நான் என்ன செய்யட்டும் என்று கேள். பேரீச்சம்பழம் பங்குவைக்கச் சொன்னாலும் செய். இறந்தவர் தெரியாத ஆள் என்றாலும் ஜனாஸாத் தொழுகைக்கு நின்று தொழுதுவிட்டுப் போ. இங்கே உன் பெயரில் பள்ளிச் சந்தாவை நான் கட்டி வருகிறேன்; அங்கே உண்டியலில் போடுவது உன் பொறுப்பு.

உம்மா ஸலாம் சொன்னார். மூத்தும்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. பெருநாளுக்கு வரும்போது புறக்கோட்டையில் எனக்கு இரண்டு சாரம் எடுத்து வா. சொன்ன விலையைக் கொடுத்துவிடாதே.

வஸ்ஸலாம்.
உன் வாப்பா