ஏதென்ஸில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

பள்ளிப் பிள்ளைகளின் மன அழுத்தத்தை அளக்க நீ எடுத்திருக்கும் கேள்வித்தாளும் முன்னோட்டத் தரவும் வந்து சேர்ந்தன. இங்கே காலை ஆறரை, அங்கே மணி மூன்று. அது இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

உணரும் மன அழுத்த அளவுகோலில் (Perceived Stress Scale) பத்துக் கேள்வி வடிவத்தை எடுத்தது நல்ல முடிவு. அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் மற்றவர்களும் 1983-இல் வெளியிட்ட மூல வடிவம் பதினான்கு கேள்விகள் கொண்டது. பத்து அதைவிடச் சீராக நிற்கும். கிரேக்க வடிவத்தை 2011-இல் சரிபார்த்தது பெரியவர்களிடம்தான், லிக்கியோ (மேல்நிலைப் பள்ளி) பிள்ளைகளுக்கு அது பொருந்துகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும் என எழுதியிருக்கிறாய். படிக்கப் பெருமையாக இருந்தது. ஆனால் கிம்னாசியோ (நடுநிலைப் பள்ளி) முதல் வகுப்பை எதற்குச் சேர்த்தாய்? நடுநிலைப் பள்ளிப் படிப்பாவது உள்ளவர்களை மனதில் வைத்து உருவான அளவுகோல் இது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் 'கடந்த ஒரு மாதத்தில்' என்று கேட்டால், நேற்று நடந்ததை வைத்துப் பதில் எழுதிவிடும். அவர்களும் வேண்டுமென்றால் முதலில் சிலரை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்.

இப்போது முக்கியமானது. ஒவ்வொரு பதிலுக்கும் 0 ('ஒருபோதும் இல்லை') முதல் 4 ('மிக அடிக்கடி') வரை மதிப்பெண். 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகளும் நல்லவிதமாகக் கேட்பவை. கூட்டும் முன் அவற்றைத் திருப்பிப் போட வேண்டும்: 0 என்றால் 4, 1 என்றால் 3. உன் கோப்பில் 7 திரும்பவில்லை. அதனால்தான் அந்த ஒரு கேள்வி மட்டும் மொத்தத்தோடு எதிர்த்திசையில் போகிறது. பிள்ளைகளுக்குக் கேள்வி புரியவில்லை என்று அவசரப்பட்டு அதை நீக்கிவிடாதே.

திருப்பிய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பையன் படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று போட்டால் மொத்தம் 16. எல்லாம் 'சில நேரம்' என்றால் 20. எல்லாம் 'மிக அடிக்கடி' என்றால் 24. நாற்பதுக்கு இவை நடுவில்தான் விழும், யார் கண்ணையும் உறுத்தாது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இவர்களைப் பிடிக்கவே முடியாது. பதில்களை வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். அம்மா எது கேட்டாலும் நீ 'நல்லா இருக்கேன்' என்று சொல்வதும் அப்படித்தான் இருக்கிறது பாப்பா.

0-13 குறைவு, 14-26 நடுத்தரம், 27-40 அதிகம் என்று இணையத்தில் சுற்றும் பட்டியலைத் தொடாதே. கோஹன் அப்படி எல்லை வகுக்கவில்லை. இது நோயைக் கண்டறியும் கருவியும் அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே உதவும். பெண்பிள்ளைகளுக்கு அதிகமாக வருகிறது என்று எழுதுமுன், இரு பாலாரிடமும் கேள்விகள் ஒரே மாதிரி இயங்குகின்றனவா என்று பார்த்துவிடு.

பள்ளிகளுக்குப் போகும் தேதிகளையும் மாற்று. ஒரு மாதத்தைக் கேட்கும் கேள்வித்தாள் இது. ஈஸ்டர் விடுமுறை முடிந்த கையோடு ஒரு பள்ளியில் கொடுத்து, பல்கலைக்கழக நுழைவுக்கான பனெல்லாதிகெஸ் தேர்வு நெருங்கும் மே மாதத்தில் இன்னொரு பள்ளியில் கொடுத்தால், பள்ளிகளுக்குள் தெரியும் வித்தியாசம் நாட்காட்டியால் வந்ததாக இருக்கும். லிக்கியோ மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் பள்ளி முடிந்து ஃப்ரோந்திஸ்தீரியோவில் (தனியார் பயிற்சி வகுப்பில்) மாலை முழுக்க இருப்பார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று தனியாகக் கேள். அதே பிள்ளைகளிடம் தாளை மறுமுறை கொடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே: கோஹன் ஆய்வில் இரண்டு நாள் இடைவெளியில் இரு முறை மதிப்பெண்களின் ஒத்திசைவு 0.85, ஆறு வாரத்தில் 0.55. நாள் ஆக ஆக, அளவுகோல் ஆடுகிறதா பிள்ளையின் வாழ்க்கை மாறிவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பெயர் எழுதாத தாளில் ஒரு பிள்ளைக்கு மொத்தம் 38 வந்திருந்தால் அது யார் என்று உன்னால் தேட முடியாது. ஆகவே எல்லார் கையிலும் 1056 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வா. தாளின் அடியில் அச்சிட்டால் போதாது, தாளைத் திரும்ப வாங்கிவிடுவாய். தனிச் சீட்டாகக் கொடு. தாளை எழுதும்போது ஆசிரியர் வகுப்பில் இருக்கக் கூடாது.

7-ஐ மறக்காதே. 4, 5, 7, 8, நான்கையும் திருப்பிப் போட்டு அனுப்பு, அடுத்த படியை நான் பார்க்கிறேன். உனக்கு யாரும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை, நாங்களும் கொடுக்க மாட்டோம். ஆனால் கடந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று நீயாகச் சொன்னால் கேட்க இரண்டு பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிடுவாள், எடுத்துப் பேசு.

அன்புடன்,
அப்பா