சோங்-கோல் மேய்ச்சல் மேட்டுக்கு ஒரு நன்றி மடல்

அபாவுக்கும், அத்தாவுக்கும், குதிரைக்காரத் தம்பிக்கும், கோச்கோர் எஜேக்கும், பிஷ்கெக்கில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஜூலையில் கிர்கிஸ்தானின் சோங்-கோல் மேட்டில் உங்களோடு இருந்த நான்கு நாட்களைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் நேரம் போதவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கும் என் மகள் இதை ரஷ்ய மொழியில் பேசி அனுப்புவாள். தம்பி அதைக் கேட்டு உங்களுக்குக் கிர்கிஸில் சொல்வான். மேலே சிக்னல் கிடையாது. அவன் சாமான் வாங்க ஊருக்கு இறங்கும் நாள்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பெயர்களைப் போடவில்லை. ஆனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து எத்தனையோ பேரின் பிள்ளைகள் கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படிக்கிறார்கள். பார்க்கப் போகிற பெற்றோர் விடுதியையும் கல்லூரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். மலைமேல் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

முதலில் கோச்கோர் எஜே. எஜே என்றால் அங்கே அக்கா. இணையத்தில் முன்பணம் வாங்கிக்கொண்ட ஓர் ஏற்பாட்டாளர், கிளம்ப வேண்டிய காலையில் போனை எடுக்கவே இல்லை. பயணத்தை விட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது, மகளோடு படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர், இரண்டு பேர் திருநெல்வேலிப் பக்கம், ஒத்துக்கொள்ளவில்லை. தேர்வு முடிந்து தூங்க வேண்டிய நேரத்தில் பேருந்து நிலையத்துக்கு வந்து, ஓட்டுநரிடம் பேசி, கோச்கோர் போகிற வண்டியில் எங்களை ஏற்றிவிட்டு, கையில் எலுமிச்சை சாதமும் கொடுத்தார்கள். கண்ணுகளா, அந்தச் சாதத்தை மலைப்பாதையில் ஒரு வளைவில் நிறுத்திச் சாப்பிட்டோம். நன்றி.

எஜே எங்கள் கதையைக் கேட்டதும் முதலில் தேநீர் ஊற்றினார். அப்புறம் இரண்டு போன். மாலைக்குள் கிசார்ட் கிராமத்தில் இரண்டு குதிரை, ஒரு வழிகாட்டி, மேலே தங்க இரண்டு குடும்பம். குதிரைக்கான பணத்தைத் தம்பியிடமும், தங்குவதற்கானதை அந்தந்த வீட்டிலும் கொடுங்கள் என்றார். இது அவருடைய நல்ல மனசு மட்டுமல்ல, அந்த ஊரில் வேரூன்றிய ஒரு முறையும்கூட. 2000 வாக்கில் சுவிட்சர்லாந்தின் ஹெல்வெட்டாஸ் அமைப்பின் உதவியோடு சமூகச் சுற்றுலாக் குழுக்கள் அங்கே உருவாயின. 2003இல் அவை ஒரு சங்கமாக இணைந்தன. வருகிறவர்கள் மேய்ப்பர் வீட்டிலேயே தங்க வேண்டும், பணம் அந்த வீட்டிலேயே நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. போகிறவர்கள் தயவுசெய்து இந்த வழியிலேயே போங்கள்.

தம்பி, உன்னை நீ என்றே எழுதுகிறேன். என் மகள் வயதுதான் உனக்கும். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறை குதிரை ஏறுகிறவளிடம் நீ ஒரு தடவைகூட அவசரம் காட்டவில்லை. என்னை ஏற்றுவதற்கு முன் சேணத்தை எடுத்துவிட்டுக் குதிரையின் முதுகைக் கையால் தடவிப் பார்த்தாய். எங்காவது புண் இருக்கிறதா என்று பார்க்கிறாய் என்பது பிறகுதான் புரிந்தது. அங்கவடியின் நீளத்தை என் கையை வைத்து அளந்து கட்டினாய். கிளம்ப 'சூ', நிற்க 'ட்ர்ர்', இவ்வளவுதான் பாடம். ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்னும் இறங்கி வந்து வயிற்றுவாரை இழுத்துப் பார்த்தாய். இரண்டாம் நாள் ஜல்கிஸ் கரகாய் கணவாயைத் தாண்டிய சரிவில், அத்தனை கவனத்துக்குப் பிறகும் என் சேணம் ஒரு பக்கமாக நழுவியது. நான் கத்துவதற்குள் உன் கை என் முழங்கையில் இருந்தது. குதிரையைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. இறக்கி உட்காரவைத்து, சேணத்துக்கு அடியில் இருந்த கம்பளத்தை மடித்துப் போட்டு, மறுபடியும் ஏற்றினாய். பயம் அங்கேயே போய்விட்டது.

அந்தக் கணவாய் 3,300 மீட்டருக்கு மேல். அதன் பெயருக்குத் 'தனிப் பைன் மரம்' என்று பொருள் சொன்னாய். நாங்கள் பார்த்தபோது மரமே இல்லை. புல்லும், சரிவெங்கும் எடல்வைஸ் பூவும், கீழே நீலமாகச் சோங்-கோல் ஏரியும். கடல் மட்டத்திலிருந்து 3,016 மீட்டர் உயரத்தில் ஒரு ஏரி! வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் பனிக்கட்டியாகக் கிடக்கும் தண்ணீர். அதைப் பார்த்த இடத்தில் நீயாகவே நிறுத்தினாய். நாங்கள் பேசாமல் இருந்தோம், நீயும் பேசவில்லை. அதற்கும் நன்றி.

அன்று மாலை எனக்கு மண்டை பிளந்தது. சாப்பாட்டைப் பார்க்க முடியவில்லை. உயரம் ஒத்துக்கொள்ளாமல்தான் என்று மகள் சொன்னாள். அபா அதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டார்.

அபாவைப் பற்றி எப்படி எழுதுவது? கிர்கிஸில் 'அபா' என்றால் அம்மா. நம் காதுக்கு அப்பா என்று விழும். வந்த அன்று எனக்குக் குழப்பமாக இருந்தது. மறுநாள் அந்தப் பெயரே பொருத்தம் என்று பட்டது. அபா, உங்கள் கூடாரத்தில் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற 'தோர்' என்ற இடம் மரியாதைக்குரிய விருந்தாளிக்கு உரியது. அங்கே உங்கள் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கி மாற்றிப் படுக்கவைத்துவிட்டு என்னை அங்கே படுக்கவைத்தீர்கள். நான்கு மெத்தை விரித்து இரண்டு போர்வை போர்த்தினீர்கள். அரை மணிக்கொரு தரம் கிண்ணத்தில் தேநீர். பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவீர்கள். நிரம்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாம். ராத்திரி இரண்டு முறை எழுந்து அடுப்பில் தெசெக் போட்டதைப் பார்த்தேன். தெசெக் வேறொன்றுமில்லை, நம் வறட்டிதான். மரமே இல்லாத அந்த மேட்டில் சாணிதான் விறகு. அந்த வாசனையில் எனக்கு என் ஆச்சி வீட்டு முற்றம் ஞாபகம் வந்து கண் கலங்கியது. தலைவலி என்று நினைத்து நீங்கள் என் நெற்றியைப் பிடித்துவிட்டீர்கள். அபா, அது வலி இல்லை என்பதை இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

நான் சைவம் என்று மகள் சொன்னதும் 'எட் ஜோக்?' என்று ஒருமுறை கேட்டீர்கள். கறி வேண்டாமா என்று. ஆடும் குதிரையும் வளர்த்து, கறியே சாப்பாடாக வாழ்கிற வீட்டில் அதை எத்தனையோ விதமாக எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் தனிச் சட்டியைக் கழுவி எடுத்து, புது எண்ணெய் ஊற்றி போர்சோக் என்ற மாவுத் துண்டுகளைப் பொரித்தீர்கள். உருளைக்கிழங்கும், ரொட்டியும், கைமாக் என்ற பாலாடையும் வைத்தீர்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் இரண்டு கையையும் ஏந்தி முகத்தைத் தடவி 'ஓமின்' சொன்னபோது நானும் சொன்னேன்.

உடம்பு தேறிய மறுநாள் உங்கள் வேலையைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. தரையோடு கட்டிய நீளக் கயிற்றில் குதிரைக்குட்டிகள் வரிசையாக நின்றன. குட்டிகள் இங்கே இருப்பதால் தாய்க்குதிரைகள் எங்கே மேய்ந்தாலும் திரும்பி வருகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறவை. முதலில் குட்டியை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்துப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஒரு முழங்காலில் நின்று வாளியைத் தொடையில் தாங்கிக் கறந்தீர்கள். நம் ஊரில் கன்றை ஊட்டவிட்டுக் கறப்பதேதான். ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் கிடைக்கிறது. அதனால் பகல் முழுவதும் கறவை நிற்பதில்லை. பாலைப் புகை பிடித்த தோற்பையில் ஊற்றிப் புளிக்கவைத்து, மத்தால் கடைந்துகொண்டே இருந்தால் கிமிஸ். தலைநகருக்குப் பிஷ்கெக் என்ற பெயர் அந்த மத்திலிருந்து வந்தது என்று தம்பி சொன்னான். மகள் ஐந்து வருடமாக அந்த ஊரில் இருக்கிறாள், அவளுக்கே தெரியவில்லை. கிமிஸ் ஒரு வாய் குடித்தேன். புளிப்பும் புகையும் கலந்த அந்தச் சுவை எனக்குப் புதிது, ஆனால் கிண்ணத்தை நீங்கள் நீட்டிய விதத்தில் மறுக்க மனம் வரவில்லை.

ஜூனில் ஏறி செப்டம்பரில் இறங்குகிறீர்கள். மூன்று மாதம்தான் கோடை. அதற்குள் கிமிஸ் விற்க வேண்டும், குருத் என்ற தயிர் உருண்டைகளை உருட்டிக் காயவைக்க வேண்டும், ஆட்டைக் கொழுக்கவைக்க வேண்டும், குளிர்காலம் முழுவதற்கும் சேர்க்க வேண்டும். எனக்கு அது விடுமுறை. உங்களுக்கு வருடத்திலேயே ஓய்வில்லாத நாட்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு பகலையும் ஒரு இரவையும் எனக்காக நிறுத்தினீர்கள். நான் கொடுத்த சோம் நோட்டுகள் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிருக்கும். அந்த நேரத்துக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை.

அத்தா என்றால் அங்கே அப்பா. அத்தா, நீங்கள் அதிகம் பேசவில்லை. கடைசி மாலையில் கூடாரத்தின் உச்சியைக் காட்டிப் பேசினீர்களே, அது போதும். அந்த மர வளையம், துந்துக், உங்கள் அப்பாவிடமிருந்து வந்தது. சுவரும் கம்பும் கம்பளமும் மாறும், துந்துக் மாறாது என்றீர்கள். உங்கள் நாட்டுக் கொடியில் சூரியனுக்கு நடுவே இருப்பதும் அதுதான். 1930களில் கூட்டுப்பண்ணைகள் வந்து மேய்ப்பர் குடும்பங்களை ஊரில் உட்காரவைத்ததை உங்கள் அப்பா சொல்லக் கேட்டதாகச் சொன்னீர்கள். நீங்களே பண்ணை ஆடுகளை மேய்த்திருக்கிறீர்கள். 1991க்குப் பிறகு பண்ணைகள் உடைந்தன. நாட்டில் ஒரு கோடி அளவில் இருந்த ஆடுகள் சில வருடங்களில் 40 லட்சத்துக்கும் கீழே போயின. உங்கள் பங்குக்கு வந்த சில ஆடுகளையும் ஒரு குதிரையையும் வைத்து மறுபடி இந்த மேட்டுக்கு ஏறினீர்கள். அந்தக் குதிரையின் வழிவந்ததுதான் நான் ஏறிய கறுப்புக் குதிரை என்று முடித்தீர்கள். மகள் மொழிபெயர்க்கும்போது அவள் குரல் தடுமாறியது.

அந்தக் குதிரைக்கும் எழுதாமல் முடியாது. ராத்திரி முன்னங்கால்களில் தளை போட்டு விட்டிருந்தார்கள். ஆலங்கட்டி மழை பெய்தபோது அது காற்றுக்கு முதுகைக் காட்டி அசையாமல் நின்றதைக் கூடாரத்திலிருந்து பார்த்தேன். காலையில் என்னைச் சுமந்துகொண்டு சேற்றுச் சரிவில் ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்தது. அத்தா, அதன் கழுத்தில் என் சார்பாக ஒருமுறை தட்டிக்கொடுங்கள்.

படங்கள் அச்சாகி வந்துவிட்டன. அபா கறக்கும் படம் இரண்டு, அத்தா துந்துக்கைக் காட்டும் படம், பேரன் குட்டியோடு நிற்கும் படம், தம்பி வயிற்றுவாரைக் கட்டும் படம். ஆகஸ்ட் கடைசியில் பிஷ்கெக்குக்குத் திரும்பும் திருநெல்வேலிப் பிள்ளை எடுத்துவருகிறான். கோச்கோர் எஜேயிடம் கொடுத்துவிடுவான். நீங்கள் கூடாரத்தைப் பிரித்துக் கீழே இறங்குவதற்குள் தம்பி கொண்டுவந்து சேர்த்துவிடுவான் என்று நம்புகிறேன். கூடவே அரைக் கிலோ ஏலக்காய் வைத்திருக்கிறேன், அபா. தேநீரில் இரண்டு தட்டிப் போடுங்கள்.

சோங் ரக்மத், மிக்க நன்றி.

அன்புடன்,
மதுரையிலிருந்து, அந்த மருத்துவ மாணவியின் அம்மா