மரத்துக்குப் பெயர் சொன்னவர்களுக்கு நன்றி

எங்கள் தெருவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

தை மாதம் திருவாரூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, கொல்லையில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பது என்ன மரம் என்று வீட்டை விற்றவருக்கே தெரியவில்லை. மாசியில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாகிவிட்டது. பட்டுப்போன மரம், மதில்மேல் சாய்வதற்குள் வெட்டிவிடுங்கள் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். விலை பேசவும் ஆள் வந்தாயிற்று. இன்றைக்கும் அது நிற்கிறதென்றால் உங்களில் சிலர்தான் காரணம். நேரில் நன்றி சொன்னால் "இதுக்குப் போய்..." என்று நகர்ந்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. அரிவாளோடு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, ஒரு சின்னக் கிளையை நகத்தால் கீறிக் காட்டினார். தோலுக்கு அடியில் பச்சை. "பங்குனி வரைக்கும் பொறுங்க" என்றார். சரி என்று பொறுத்தோம்.

பங்குனியில் துளிர்த்தது. ஒரு காம்பில் மூன்று இலை. உடனே தெருவில் பாதிப் பேர் வில்வம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த எங்கள் அத்தை ரப்பர் மரம் என்றார்.

கடைசி வீட்டுப் பேராசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். கைபேசியில் நான் எடுத்த படங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, மரத்தடிக்கே வந்தார். ஓர் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தார். வில்வ இலை என்றால் நுண்ணிய புள்ளிகள் ஒளி ஊடுருவித் தெரியுமாம், கசக்கினால் மணக்குமாம், நடு இலைக்கு மட்டும் தனியாக நீளக் காம்பு இருக்குமாம். இதில் மூன்று இலைகளும் ஒரே இடத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. கிளையில் முள்ளும் இல்லை. காம்பைக் கிள்ளினார், பால் வரவில்லை, ரப்பரும் போயிற்று. "பூக்கட்டும், அப்புறம் பேசுவோம்" என்று கிளம்பிவிட்டார். அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான். இப்போது யோசித்தால், அரைகுறையாக ஒரு பெயரைச் சொல்லிவைக்காத அந்த நிதானம் எவ்வளவு பேருக்கு வரும்?

அப்புறம் பூத்தது. நான்கு வெள்ளை இதழ்கள், ஒவ்வொன்றும் அடியில் மெல்லிய காம்பாகக் குறுகியிருந்தது. நடுவிலிருந்து ஊதா நிறக் கேசரங்கள் பூனை மீசை மாதிரி இதழைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. பூத்த வெள்ளை போகப்போக மஞ்சளாக மாறியது. மொட்டைமாடியிலிருந்து துறட்டியால் கொத்து பறித்துத் தந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் நன்றி.

பெயரை முதலில் சொன்னவர் பூக்கார அம்மா. வாசலில் கூடையை இறக்கியவர் அந்தக் கொத்தைப் பார்த்ததும், "மாவிலங்கமில்ல இது? திருநாட்டியத்தான்குடி கோயில்ல தல மரமே இதானே" என்றார். ஐயாவிடம் ஓடினேன். பூவைப் பிரித்துப் பார்த்துத் தலையாட்டினார். வில்வத்துக்கும் இதற்கும் உறவே இல்லை, இது வேலியில் படரும் ஆதொண்டைக் கொடிக்குப் பங்காளி என்றார். சிறகு முனையில் ஆரஞ்சு நிறம் கொண்ட ஒரு பெரிய வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு இந்த இலையைத் தின்னும், மருந்து அடித்துவிடாதே என்றும் சொல்லி அனுப்பினார்.

நாட்டு மருந்துக் கடை அண்ணனுக்கும் நன்றி. சிறுநீரகக் கல்லுக்குச் சித்த மருத்துவத்தில் மாவிலங்கப் பட்டை சேர்ப்பார்கள் என்று சொன்னவர், "வைத்தியரைக் கேக்காம நீங்களா கஷாயம் போட்டுடாதீங்க" என்றும் சேர்த்தே சொன்னார்.

இந்தச் செய்தி பரவியதிலிருந்து பட்டை கேட்டு ஆள் வருகிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், பட்டை தருவதாக இல்லை. சுற்றி உரித்தால் மரம் செத்துப்போகும். கன்று வேண்டுமென்றால் சொல்லிவையுங்கள். வேரிலிருந்து முளைத்தவை கிணற்றடியில் நிற்கின்றன, மழைக்காலத்தில் பெயர்த்துத் தருகிறேன். முதல் கன்று எதிர்வீட்டு அக்காவுக்கு.

அன்புடன்,
கிணற்று வீட்டுக்காரர்கள்